கைராசி

குடுவையைத் திறந்ததும் புளிப்பு வாசம் அடித்தது. மூன்று நாளில் பெரிய தொட்டிக்குப் போக வேண்டிய ஈஸ்ட் அது, பியர் ஆலை ஆய்வுகூடத்தில் நானே வளர்த்தது. அதில் எங்கள் வீட்டுத் தோசைமாவு வாசம்.

நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். உருண்டை ஈஸ்ட்களுக்கு நடுவே குச்சி குச்சியாகப் பற்றீரியா.

எங்கள் தேயிலைத் தோட்டம் இருக்கும் கந்தப்பளை மலைக் குளிரில் மாவு லேசில் பொங்காது. "ஒனக்குத்தான் கைராசி, நீயே கரைச்சு வச்சிட்டுப் போ" என்று அம்மா திங்கட்கிழமையும் சொல்லிவிட்டுக் கொழுந்தெடுக்கப் போய்விட்டாள். பஸ் வரும் அவசரம். கரைத்துவிட்டுக் கையை நனைத்ததோடு சரி, நகத்திடுக்கில் மாவோடு ஓடினேன். ஸ்பிரிட் போட்டுத் தேய்க்காமலே ஈஸ்ட்டைத் தொட்டேன். படித்த முட்டாள்!

ஒரு காலத்தில் பியர் கெட்டுப்போனால் தலைவிதி என்பார்களாம். பிறகுதான் நல்ல ஈஸ்ட்டோடு வேறு கிருமி சேருவதைக் கண்டுபிடித்து, ஒற்றை ஈஸ்ட் உயிரணுவைப் பிரித்து வளர்த்தார்கள். அப்படி வளர்த்ததை ஓர் ஐரோப்பிய ஆலை மற்றவர்களுக்கும் சும்மாவே கொடுத்ததாம். இதையெல்லாம் நான் படித்தது எங்கள் ஆலைக்குச் சொந்தக்காரக் குடும்பம் தந்த புலமைப்பரிசிலில். "ஒங்கப்பன் குடிச்சது வீண்போகலடி" என்று தோட்டத்து லய வீடுகளில் கேலி செய்வார்கள்.

அந்தப் புலமைப்பரிசிலுக்கு இந்த வருடப் பட்டியலில் தங்கச்சி பெயர். வெள்ளிக்கிழமை நேர்முகம். தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சுத்தம் தெரியாது என்று ஒரு சொல் விழுந்தால் அவள் கதி என்ன?

குடுவையைக் கொட்டிவிட்டு, உடைந்தது என்று சொல்லலாம். ஆனால் மூல ஈஸ்ட் குழாயையும் அதே கையால்தான் திறந்திருந்தேன். அடுத்தடுத்த தொட்டியெல்லாம் கெடும். பொறுப்பாளர் மேடத்திடம் போய், சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் முகர்ந்து பார்த்தார். "மாற்றுக் குழாய் இருக்கிறது. ஆனால் இதை நான் எழுதி அனுப்பத்தான் வேண்டும். வெள்ளிக்கிழமை நேர்முகத்துக்கு ஆலைக் குடும்பத்தாரே வருகிறார்கள்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை அம்மா தங்கச்சியைக் கூப்பிட்டாள். "அக்காதான் மாட்டேங்குறா, நீயாச்சும் கரைச்சிட்டுப் போ."

சட்டியிலிருந்து அவள் கையைப் பிடுங்கினேன். தேங்காய் நாரும் சவர்க்காரமும் போட்டு நகங்களைத் தேய்த்தேன். ரத்தம் கசிந்தது. "வலிக்குதுக்கா" என்றாள். பயம் என்னை விடவில்லை, நானும் அவளை விடவில்லை.

பின்னேரம் வந்து சொன்னாள், கிடைத்துவிட்டதாம்.

"என்ன கேட்டாங்க?"

"வெரல்ல என்ன காயம்னு கேட்டாங்க. எங்கக்கா கழுவிவிட்டான்னு சொன்னேன்."