நெருப்புக்கு விட்ட தையல்

கம்ப்யூட்டர் வைத்து இரும்பு வெட்டுகிற மெசினுக்கு, நெருப்பு எவ்வளவு அகலம் தின்னும் என்பதை முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். எனக்கு அந்தச் சங்கதி எழுபதுகளிலேயே தெரியும். தெரிந்துகொண்ட விதம்தான் வெட்கக்கேடு.

என் வீட்டுக்காரர் அப்போது பதுளையில் ஒரு பட்டறையில் கேஸ் வைத்து இரும்பு வெட்டினார். நான் வீட்டில் ரவிக்கை தைத்தேன். பட்டறையில் இருந்தது ஒரு பழைய மெசின். தகரத்தில் வெட்டிய வடிவத்தை மேலே பொருத்தினால், அதன் ஓரத்தை ஒட்டி ஒரு சின்னச் சக்கரம் சுற்றும். சக்கரம் போகிற வழியிலேயே கீழே நெருப்பும் போகும். எத்தனை தடவை கேட்டேன், ஒரு தரம் கூட்டிப் போய்க் காட்டுங்கள் என்று! அது என்ன தேர்த் திருவிழாவா என்பார். இரும்பு உருகுமா, எரியுமா என்று கேட்டால், சோற்றைப் போடு என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து உருட்டும் மெசின் நின்றுபோனது. அதன் வளைந்த தாங்கி ஒன்று உடைந்திருந்தது. வெளிநாட்டுச் சாமான் வராத காலம். முதலாளியிடம் தடித்த தகடு இரண்டுதான் இருந்தது. ஒன்றை இவர் ஏற்கெனவே பிழையாக வெட்டிவிட்டார். அடுத்ததும் போனால் வேலைக்கு வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். போதாக்குறைக்கு இவருக்கு உள்ளங்கை வெந்து, கத்தரி பிடிக்க முடியவில்லை.

தாங்கியின் வடிவத்தை வெட்டித் தரச் சொல்லித் தகரத்தை என்னிடம் கொடுத்தார். சக்கரத்தின் பருமன், நெருப்பு தின்கிற அகலம் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து அளவு எழுதியிருந்தார். எனக்கு அதைச் சொல்லவில்லை. நான் அளவைப் பார்த்துக் கோடு போட்டேன். பிறகு வழக்கம்போலச் சுற்றிவர கால் அங்குலம் தையலுக்கு விட்டு வெட்டினேன். துணியானாலும் தகரமானாலும் என் கைக்கு ஒன்றுதான். காலையில் அவர் அதை அளந்துகூடப் பார்க்கவில்லை. என் வெட்டின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

பத்து மணிக்குத் திரும்பி வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"தையலுக்கு விட்டியா?"

"ஆமாங்க. விடாம எப்படி?"

அவர் கத்தவில்லை. தாங்கி பெரிதாக வந்துவிட்டது, அளவு பிழைத்தது தன்னால்தான் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்காகப் பழியை வாங்கிக்கொண்டு வந்து நிற்கிற ஆளை என்ன செய்வது? அழுகை வந்தது. கத்தரியை எடுத்துக்கொண்டு பட்டறைக்கே நடந்தேன். வேண்டாம், வேண்டாம் என்று பின்னாலேயே வந்தார்.

முதலாளி கடுகடுத்த மனிதர். தகரம் வெட்டியது நான்தான், தையலுக்கு விட்டதும் நான்தான், இவரை நிறுத்தாதீர்கள் என்றேன். அவர் தாங்கியைப் புரட்டிப் பார்த்தார். குறைந்திருந்தால் குப்பை, கூடினதை இன்னொரு தரம் வெட்டிக்கொள்ளலாம் என்றார். அப்புறம் இவர் பக்கம் திரும்பினார்.

"மெசினைக் கண்ணாலயும் காணாத பொம்பளைக்கு நெருப்போட அளவு எப்படிப்பா தெரியும்? நீ காட்டினியா?"

இவர் மெசினிலிருந்து தகரத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து தகரத்தில் கால் அங்குலம் நறுக்கினேன். இவர் அதை மேலே பொருத்தி, தாங்கியைக் கீழே அசையாமல் இறுக்கினார். தீயைப் பற்றவைத்தார். இரும்பின் ஓரம் சிவந்தது. ஒட்சிசன் காற்றைத் திறந்ததும் சீறிக்கொண்டு அடிப்பக்கமாகப் பொறி கொட்டியது. சக்கரம் நகர, நெருப்பும் நகர்ந்தது. உருகுவது மட்டுமில்லை, இரும்பு எரியவே செய்கிறது!

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, இவர் வெளிச்சம் படாமல் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

"நல்லாப் பாரு. எவ்வளவு தின்னுதுன்னு இனிமே நீயே சொல்லு."