வாடை தெரியாத மெக்கானிக்

பிள்ளைகளா, அடுப்பைப் பற்ற வைக்கும் முன் நான் உங்களில் யாரையாவது கூப்பிட்டு, "மோந்து பாரு, வாடை வருதா?" என்று கேட்பேன். நீங்கள் "அய்யோ அப்பா, மறுபடியுமா?" என்று அலுத்துக்கொள்வீர்கள். உட்கார்ந்து காரணம் சொல்ல எனக்குப் பொறுமை வந்ததே இல்லை. எழுதிப் பார்க்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரிதான் எழுத வரும்.

எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்தில் ஒரு கேஸ் ஏஜென்சியில் மெக்கானிக்காக இருந்தேன். புது கனெக்‌ஷன் மாட்டுவது, வாஷர் மாற்றுவது, கசிவு பார்ப்பது. முறைப்படி சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். ஆனால் ஏறி இறங்க அத்தனை வீடு. நாங்கள் எல்லோரும் மூக்கைத்தான் நம்பினோம். குனிந்து ஒரு மூச்சு இழுத்தால் முடிந்தது.

ஒரு மழை நாளில் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் வழுக்கி விழுந்தேன். பின்மண்டையில் அடி. வீக்கம் வடிந்ததும் வேலைக்குப் போய்விட்டேன். மழையில் சளியும் பிடித்திருந்தது. எதிலும் வாசனை இல்லையே என்று தோன்றியபோது, பழியைச் சளி மேல் போட்டேன்.

சிட்லபாக்கத்தில் ரிட்டயரான ஒரு சார் வீடு. ரெகுலேட்டரை மாட்டி, வழக்கம்போல் மூச்சிழுத்து, "கசிவு இல்ல சார்" என்றேன். ஹாலிலிருந்து அவர் ஓடி வந்தார்.

"என்னப்பா, கேஸ் நாத்தம் ஹால் வரைக்கும் வருது, நீ பாட்டுக்கு இல்லங்கறே!"

சட்டென்று மூடிக் கழற்றினேன். வாஷரில் கீறல். பக்கத்து சாமி அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தைலத்தை எடுத்து மூக்கடியில் தேய்த்தேன். ஜிவ்வென்று ஏறியது. வெங்காயம் நறுக்கினேன், கண்ணில் தண்ணீர் கொட்டியது. "பாத்தியா, மூக்கு நல்லாத்தான் இருக்கு" என்றேன் உங்கள் அம்மாவிடம்.

"அப்ப, அடுப்புல என்ன கொதிக்குது, சொல்லுங்க."

அடுப்புப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மூடியைத் திறந்து காட்டினாள். கருவாட்டுக் குழம்பு.

அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சோப்பு, மண்ணெண்ணெய், பூக்காரம்மா கூடை, தூங்குகிற உங்கள் தலை என்று எல்லாவற்றையும் மோந்துகொண்டு திரிந்தேன். வெளியே சொன்னால் வேலை போய்விடும். சொல்லாமல் போனால் யாரோ ஒருவர் வீடு பற்றிக்கொள்ளும்.

அம்மாதான் என்னை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் கண்ணை மூடச் சொன்னார். "மூக்குகிட்ட என்ன வெச்சிருக்கேன்?"

"இன்னும் ஒண்ணும் வெக்கலியே மேடம்."

கண்ணைத் திறந்தால், மூக்குக்கு நேராகக் காபித்தூள் டப்பா.

"ஆனா தைலம் ஏறுதே மேடம்?" என்று வாதாடினேன்.

"அது வாசனை இல்லப்பா, குளிர்ச்சி. முகத்துல தொட்டா, கிள்ளினா தெரியுதே, அந்த நரம்போட வேலை. வெங்காய எரிச்சலும் அதுதான், மிளகாக் காரமும் ஒரு வலிதான். வாசனைக்கு வேற வழி."

அந்த வழியையும் சொன்னார். மூக்கின் உச்சியில் சல்லடை மாதிரி ஓட்டை உள்ள எலும்பு இருக்கிறதாம். வாசனையை மூளைக்குக் கொண்டுபோகிற மெல்லிய நரம்பிழைகள் அதன் வழியாகத்தான் ஏறுகின்றன. மண்டை குலுங்கியதில் அவை அறுந்திருக்கலாம். நாக்குக்கு உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு என்று கொஞ்சம்தான் தெரியும். மூளை அதோடு வாசனையையும் சேர்த்தால்தான் கருவாடு கருவாடாகிறது. நான் சில நாட்களாகக் குழம்பில் உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

"திரும்ப வருமா மேடம்?"

"வரலாம். வராமலும் போகலாம்."

மறுநாள் முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

"மோப்பம் இல்லாதவனுக்கு கேஸ் வேல இன்னாத்துக்குய்யா? போய் சிலிண்டர் குடோனாண்ட வாட்ச்மேனா குந்து."

"அங்க இன்னும் பெரிய மூக்கு வேணுமே சார்."

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொன்னேன். "சோப்புத் தண்ணி தடவிப் பாக்கறேன் சார். வீட்டுக்காரங்களும் மோந்து பாத்து சரின்னு சொன்னாதான் வெளிய வருவேன்."

"சரி, செய். ஆனா ஒரு கம்ப்ளைன்ட் வந்துச்சுன்னா, அத்தோட நீ வூட்டுக்குப் போ."

முதல் வீடு இரும்புலியூரில். நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்து முடித்து, "அக்கா, நீங்க ஒரு தபா மோந்து பாருங்க" என்றேன்.

"இன்னாப்பா, வேல நீ செய்ய வந்தியா, நான் செய்யறதா? சம்பளத்துல பாதி குடுப்பியா?" என்று சிரித்துக்கொண்டே குனிந்தார். "ஒண்ணும் இல்லப்பா, போ."

கேட் வரை போய்த் திரும்பி வந்தேன்.

"இன்னா, எதுனா மறந்துட்டியா?"

"இல்லக்கா, இன்னொரு வாட்டி..."

அன்று சாயங்காலம் அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தாள். காபி குடிக்கலாம் என்று சமையலறைக்குப் போனேன். நம் சிலிண்டரிலும் நுரை தடவினேன். குமிழி இல்லை. தீப்பெட்டியைக் கையில் எடுத்தேன். மோந்து பார்க்க வீட்டில் ஆளில்லை. தீப்பெட்டியைத் திரும்ப வைத்து, ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டேன். பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, நீங்கள் வரும் வழியைப் பார்த்து வாசலில் நின்றேன்.