படுக்கையறை வழியாக ஒரகடம் மெட்ரோ

மானத்தை வாங்கும் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐம்பதைத் தாண்டிய நான், குன்றத்தூரில் எங்கள் ஃபிளாட்டின் இரண்டாவது படுக்கையறையில், "அடுத்த நிலையம் படப்பை. கதவுகள் இடப்புறம் திறக்கும்" என்று என் குரலிலேயே பதிவுசெய்து வைத்திருந்தேன். ஒருநாள் அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவன், எழுந்து இடப்பக்கமாக நகர்ந்து நின்றேன். இறங்குவதற்கு. வாசலில் நின்ற என் மனைவி பார்த்துவிட்டாள். நான் இறங்க வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

எங்கள் பக்கத்துக்கு மெட்ரோ வரும் என்று வெகுநாளாகப் பேச்சு. பேச்சு வந்து சேர்ந்துவிட்டது, ரயில்தான் பாக்கி. அதுவரை பொறுக்க முடியாமல் நானே வீட்டுக்குள் ஒரு பொம்மை ரயில் விட்டுவிட்டேன். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு என் உத்தியோகம். பகலெல்லாம் அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிக்கிறவனுக்கு, சாயங்காலம் தானும் எதையாவது செய்து பார்க்கத் தோன்றும். மற்றவர்கள் அந்த எண்ணத்தை டி.வி. பார்த்து அடக்கிக்கொள்கிறார்கள்.

ரயிலும் தண்டவாளமும் தபாலில் வந்தன. மீதி என் கைவண்ணம். பழைய செய்தித்தாளையும் மைதாப் பசையையும் குழைத்துக் குன்றத்தூர் மலை. மலையடிவாரத்தில் பணிமனை. அங்கே கிளம்பும் ரயில் நேராக மலைக்கு அடியில் சுரங்கத்துக்குள் நுழையும். பீரோ ஓரமாக வெளியே வந்து, பி.வி.சி. குழாய்த் தூண்கள் மேல் ஏறி, படப்பை, சேரப்பணஞ்சேரி எல்லாம் தாண்டி ஒரகடம் போய்ச் சேரும். ஒரகடம் முனையம் குளியலறைக் கதவை ஒட்டி இருந்தது. யாராவது குளித்தால் ரயில் சேவை ரத்து.

அதிகம் பாடுபட்டது சுரங்க நிலையத்துக்குத்தான். சுவருக்கு ஓடு, உட்கார நாற்காலி, தீயணைப்பான்கூட உண்டு. எல்லாம் முடிந்ததும் மலையைத் தூக்கி மேலே வைத்தேன். அதோடு சரி, அந்த நிலையத்தைக் கட்டிய என்னைத் தவிர ஒருவரும் பார்த்ததில்லை. சுரங்க ரயிலை எவ்வளவு சிறப்பாகக் கட்டுகிறோமோ அவ்வளவுக்கு அது கண்ணில் படாமல் போகிறது.

இதற்கிடையில் என் மனைவி கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். ஹாலில் பாதிப் பேர், நடையில் மீதிப் பேர். ஃபிரிட்ஜுக்கு முன்னால் உட்கார்ந்த பெண், யாராவது தண்ணீர் எடுக்க வரும்போதெல்லாம் நோட்டைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். பத்தாம் வகுப்புக்குப் புதிதாக ஒரு பேட்ச் ஆரம்பிக்கச் சொல்லிப் பெற்றோர்கள் கேட்க, "உக்கார வைக்க எடமில்லைங்க" என்று அவள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். அதை நான் அடுத்த அறையிலிருந்து, தூணுக்கு வர்ணம் அடித்தபடி, கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் வந்து பணிமனைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, இது என்னிக்காவது கை வெக்காம ஓடியிருக்கா?"

"இப்பல்லாம் ஓடுது."

"சரி. ஆயுத பூஜை அன்னிக்குச் சாயங்காலம் நாலு பேரு பாக்க ஓட்டுங்க. இங்க கெளம்பினது ஒரகடம் போய்ச் சேரணும். நடுவுல உங்க விரல் படக்கூடாது. போச்சுன்னா ரூம் உங்களுது, நான் வாயே தொறக்க மாட்டேன். நின்னுச்சுன்னா, விஜயதசமி காலையில என் புது பேட்ச் இங்கதான் உக்காரும்."

ஒப்புக்கொண்டேன். நிஜமாகவே அந்த வாரம் முழுக்க ரயில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. தண்டவாளத்தில் மின்சாரம் ஓடும், சக்கரம் அதைத் தொட்டு வாங்கி மோட்டாருக்குக் கொடுக்கும், அவ்வளவுதான் சூட்சுமம். தண்டவாளம் சுத்தமாக இருந்தால் போதும். என்னைப் போலத் துடைக்கிறவன் யார்?

பூஜைக்கு முந்தின நாள் தொழிற்சாலையில் பொரி, சுண்டல், பூசணிக்காய். வருஷாவருஷம் அன்று நான் ஒரு சிறு பிரசங்கம் செய்வேன். "சந்தனத்த மிஷின் ஒடம்புல எங்க வேணா வைங்கப்பா, சென்சார் கண்ணுல மட்டும் வெக்காதீங்க." முன்பொரு தடவை யாரோ பக்தியோடு வைத்து, பூஜை முடிந்து வந்து பார்த்தால் லைன் ஓடவில்லை. அந்தச் சந்தனப் பொட்டைப் புகைப்படம் எடுத்துவைத்து, திரையில் பெரிதாக்கிக் காட்டுவேன். கைதட்டுவார்கள்.

மறுநாள் வீட்டில் பூஜை. அன்று ஆயுதங்களை உபயோகிக்கலாமா என்று மனைவி கேட்டதற்கு, ரயில் ஆயுதமல்ல, வாகனம் என்று விளக்கினேன். வாகனத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்க வேண்டுமே. பழம் என் ரயிலைவிட உயரமாக இருந்ததால் சக்கரத்துக்கு முன்னால் விதையை வைத்தேன். பிறகு சந்தனம். மேம்பாலத்தில் தூணுக்குத் தூண் ஒரு பொட்டு, மேலே குங்குமம். சுரங்கத்துக்கு மட்டும் ஓரவஞ்சனை செய்வானேன்? மலையைத் தூக்கினேன். உள்ளே தூண் கிடையாது. எனவே தண்டவாளத்தின் மேல், ஒரே சீரான இடைவெளியில், வரிசையாக வைத்துவிட்டு மலையை மூடினேன்.

சாயங்காலம் ஃபிளாட்காரர்கள் வந்தார்கள். முன்வரிசையில் கீழ்வீட்டுக்காரர். குன்றத்தூரிலிருந்து ஒரகடத்துக்கு ஷிஃப்ட் ஆட்களைத் தினம் ஏற்றிக்கொண்டு போகும் கம்பெனி பஸ் டிரைவர். என் ரயிலைத் தொழில் போட்டியாகவே பார்த்தார்.

"இன்னா சார், படப்பைல நிக்குமா?"

"நிக்கும்."

"எனக்கு அங்க நிக்கத்தான் எடமே கெடைக்கல. குட்த்து வெச்ச ரயிலு."

விசையைத் திருப்பினேன். சக்கரம் விதையை ஒதுக்கித் தள்ளிவிட்டு நகர்ந்தது. சின்னதாக ஒரு கைதட்டல். ரயில் மலைக்குள் போயிற்று. எல்லோரும் பீரோ பக்கம் திரும்பிக் காத்திருந்தார்கள்.

"அடுத்த நிலையம் படப்பை. கதவுகள் இடப்புறம் திறக்கும்" என்றேன், ஒலிபெருக்கியில்.

ஒன்றும் வரவில்லை. சுரங்க ரயில் ஓடினாலும் தெரியாது, நின்றாலும் தெரியாது என்பதால் மரியாதையாக இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்கள். அறிவிப்பு தானாக மறுபடி வந்தது.

"சொரங்கம் ரொம்ப நீளமோ சார்?" என்றார் டிரைவர்.

விசையைக் கடைசி வரை முறுக்கினேன். அப்போதுதான், திரையில் பெரிதாக்கிய அந்தப் புகைப்படம் என் கண்முன் வந்து நின்றது. காலையில் வைத்த சந்தனம் இந்நேரம் காய்ந்து ஓடாகியிருக்கும். சக்கரத்துக்கும் மின்சாரத்துக்கும் நடுவில் பக்தி.

மலையின் பின்பக்கம் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை விட்டிருந்தேன். சுண்டுவிரலால் ஒரு தள்ளு, பொட்டைத் தாண்டிவிடும். கை அந்தப் பக்கம் போகவும் போயிற்று. மனசாட்சி தடுத்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் டிரைவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள ஆளுங்க மாட்டிக்கினு கீறாங்க சார். பஸ் அனுப்பட்டுமா?"

என் மனைவி சிரிக்கவில்லை. எல்லோருக்கும் சுண்டல் கொடுத்து அனுப்பிவிட்டு வந்து, மலையைத் தூக்கி உள்ளே பார்த்தாள்.

"எவ்ளோ அழகா கட்டியிருக்கீங்க" என்றாள். "நாற்காலிகூட போட்டிருக்கீங்களே." அந்த நிலையத்தைப் பார்த்த முதல் பயணி அவள்தான். பிறகு மலையை என் கையில் கொடுத்துவிட்டுத் துடைப்பம் எடுக்கப் போனாள்.

பேச்சு மாற முடியாது. இரவுச் சாப்பாட்டுக்குள் படப்பை பரண் ஏறிவிட்டது. தூண்களைக் கழற்றிக் கழற்றி நான் நீட்ட, நாற்காலி மேல் நின்று அவள் வாங்கி அடுக்கினாள். கலியாணமான புதிதில் குடிவந்தபோது இப்படிச் சேர்ந்து வேலை செய்ததோடு சரி.

விஜயதசமி காலையில் பாய் விரித்து, சுவரில் கரும்பலகை மாட்டினோம். முதலாவதாக ஓர் அம்மா, மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அறையை நாலு பக்கமும் பார்த்தார். ஜன்னல், வெளிச்சம், காற்று எல்லாவற்றையும் கணக்கெடுத்துவிட்டு, ஆணி அடித்துக்கொண்டிருந்த என்னைத் தாண்டி என் மனைவியிடம் கேட்டார்:

"ஏன் டீச்சர், இம்மாம் பெரிய ரூம இத்தினி நாளா சும்மாவா போட்டு வெச்சிருந்தீங்க?"