பச்சைப் பயிரைச் சந்தேகப்பட்டவர்

போன குறுவைப் பருவத்தில், கீழ்வேளூர் பக்கம் நான் குத்தகைக்குச் சாகுபடி செய்யும் வயலில் நடந்தது இது.

எங்களுடையது வாய்க்காலின் கடைசி வயல். தண்ணீர் எங்களிடம் வந்து சேர்வதற்குள் அதற்கே களைத்துப்போகும். அதனால், தண்ணீர் குறைந்தாலும் தாங்கும் புது நெல்லைச் சோதிக்க ஒரு மூலை வேண்டும் என்று ஓர் இளம் விஞ்ஞானி வந்து கேட்டபோது, சந்தோஷமாகக் கொடுத்தேன். வெயிலில் ஒற்றை ஆளாக நின்று பயிரின் தூர்களை எண்ணுவாள், மண்ணைக் கிள்ளிப் பார்ப்பாள், ஏதோ முணுமுணுப்பாள். "பயிரோட பேசுற பொண்ணு" என்று களையெடுக்க வருகிறவர்கள் கேலி செய்வார்கள்.

நடுவில் அந்த மூலைக்கு மட்டும் தண்ணீரை நிறுத்தினாள். மண் பாளம் பாளமாக வெடித்தது. பயிரோ பச்சைப்பசேல் என்று நின்று கதிரில் பால் பிடித்தது! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த குறுவைக்கு வயல் முழுக்க இந்த நெல்தான் என்று முடிவுகட்டி, விதைக்கும் சொல்லிவைத்துவிட்டேன்.

அப்போதுதான் வெளியூரிலிருந்து இன்னொரு விஞ்ஞானி வந்தார். வயதில் பெரியவர். வரப்பில் கால் வைத்ததுமே, "எனக்கு நம்பிக்கை இல்லம்மா. இதே நெல்லு எங்க ஊர்ல கருகிப்போச்சு. இங்க மட்டும் எப்படி நிக்கும்?" என்றார். கேள்வி மேல் கேள்வி. அவளும் விடவில்லை. குரல்கள் ஏறின. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னங்க, பொண்ணு பாக்க வந்த மாமியார் கணக்கா குறை சொல்றீங்க? கண்ணு முன்னாடி பச்சையா நிக்குதுல்ல?" என்று கேட்டே விட்டேன்.

"அதாங்க என் பயமே" என்று சிரித்தவர், அவளைப் பார்த்து, "வரப்போரம் வெட்டிப் பாக்கலாமாம்மா?" என்றார்.

அவளே மண்வெட்டியை எடுத்தாள். காய்ந்த மேல்மண்ணுக்கு அடியில் ஈரம். இன்னும் வெட்டினால் நண்டு வளைகள்! வரப்புக்கு அந்தப் பக்கம் என் பயிருக்கு நான் பாய்ச்சிய தண்ணீர் அந்த வளைகள் வழியாகக் கசிந்து, இந்தப் பயிரின் வேருக்குப் போய்க்கொண்டிருந்தது. இதை நம்பி வயல் முழுக்க நட்டிருந்தால்? வீட்டுக்குச் சோறும் இல்லை, குத்தகைக்கு நெல்லும் இல்லை.

"இந்த மனுஷன் மட்டும் வரலேன்னா..." என்று நான் ஆரம்பித்தபோது அடுத்த அதிர்ச்சி.

"நான்தான்க்கா கூப்பிட்டேன்" என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது. "தனியாவே பாத்துக்கிட்டிருந்தா, ஆசைப்பட்டதுதான் கண்ணுக்குத் தெரியும். இவரு லேசுல ஒத்துக்கிற ஆள் இல்ல. அதான்."

அங்கேயே நின்று, வேறு ஊர்களில் இதே நெல்லைச் சோதிப்பவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டாள். "என் வயல் முடிவை எடுத்துக்காதீங்க, தண்ணி கசிஞ்சிருக்கு." நானாக இருந்தால் வளையை அடைத்துவிட்டு வாய் திறந்திருக்க மாட்டேன்.

"அடுத்த தடவை தண்ணி கசியாம வரப்போரம் பிளாஸ்டிக் ஷீட்டைப் புதைச்சிடுவோம். நானும் எங்க ஊர்ல இதே நெல்லைத் திரும்பப் போடுறேன், நீ வந்து என் வயல்ல குறை கண்டுபிடி" என்றார் அவர். அவ்வளவு சண்டை போட்டவர்கள், ஒரே பொட்டலத்துப் புளிச்சோற்றை வரப்பில் உட்கார்ந்து பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள்.

அன்றிலிருந்து, எனக்கு எந்த யோசனை தோன்றினாலும், நான் சொல்வதற்கெல்லாம் முகம் சுளிக்கும் என் நாத்தனாரிடம்தான் முதலில் சொல்கிறேன். கேட்கக் கசக்கத்தான் செய்கிறது, ஆனால் கேட்டுக்கொண்டுதான் வயலில் இறங்குகிறேன்.