வித்வான் எங்கள் வீட்டில் இறங்கிய வருஷம்

எங்கள் வீட்டில் ஒரே ஒரு வருஷம் சங்கீத வித்வான் ஒருவர் வந்து இறங்கினார். அந்தப் பெருமையை இன்றுவரை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. எங்கள் தெருவில் மச்சு வீடு உண்டு, குதிரை வண்டி வைத்திருந்த வீடு உண்டு. தஞ்சாவூர்ச் சீமை வித்வான் படுத்து எழுந்த வீடு எங்களுடையது மட்டும்தான்.

எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையில், திருநெல்வேலிக்குக் கிழக்கே இருக்கிறது. ஆற்றங்கரை முருகன் கோயிலில் ஐப்பசி மாதம் சஷ்டித் திருவிழா. சூரசம்ஹாரம் முடிந்த மறுநாள் திருக்கல்யாணம். அன்று சாயங்காலம் மண்டபத்தில் பாட்டுக் கச்சேரி. சுற்றுப்பட்ட ஊரெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வரும். கச்சேரிக்கு வருகிற வித்வான் எப்போதும் பண்ணை வீட்டில்தான் இறங்குவார். எனக்கு எட்டு வயதான அந்த வருஷம் பண்ணை வீட்டில் ஒரு சாவு விழுந்து தீட்டாகிவிட்டது. வித்வானோ சுத்த சைவர். சைவச் சாப்பாட்டு வீடாக வேண்டும், தனி அறையும் வேண்டும். ஊரில் இரண்டும் இருந்த இன்னொரு வீடு எங்களுடையது.

நாங்கள் புளி, வற்றல் மண்டிக்காரர்கள். அப்பாவுக்கு எடைக்கல் தெரியும், மாமாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேல் படிப்பு எங்கள் குடும்பத்தில் என்னிடமிருந்துதான் தொடங்குகிறது. மாமா அம்மாவின் தம்பி, மண்டியில் அப்பாவுக்கு வலது கை. பேச்சு என்று வந்தால் இரண்டு கையும் அவர்தான். வித்வான் நம் வீட்டில் இறங்கட்டும் என்று கோயிலுக்கே போய்க் கேட்டு வாங்கி வந்தவரும் அவர்தான்.

கோயில் காரியம் பார்த்த தர்மகர்த்தா அண்ணாச்சிக்கு அரை மனசு. வீட்டைப் பார்க்க வந்தவர் கூடத்தில் நின்றபடி மூக்கை உறிஞ்சினார்.

“வே, வாசல்லயே புளி நெடி தூக்குதே. பாடுத தொண்டைக்குப் புளி ஆகாதுன்னாவது தெரியுமா வே உமக்கு?”

மாமா சிரித்துச் சமாளித்தார். அன்றே மூட்டைகளெல்லாம் பின்கட்டுக்குப் போயின. சமையலில் புளி விழக்கூடாது என்று அம்மாவுக்கு உத்தரவாயிற்று. புளியில் பிழைக்கிற வீடு அந்த வாரம் மிளகு ரசத்தில் பிழைத்தது. கச்சேரி மட்டும் ஒழுங்காக நடந்துவிட்டால் வருஷா வருஷம் வித்வான் இறங்குவது நம் வீட்டில்தான், அப்புறம் எவன் நம்மைப் புளிக்காரன் என்பான் என்று மாமா திரும்பத் திரும்பச் சொன்னார். தெருவில் தலை நிமிர்ந்து நடப்பதைப் பற்றி அவருக்கு அப்படி ஒரு ஆசை.

திருநெல்வேலிப் பாலம் ரயில் ஸ்டேஷனுக்கு வில்வண்டி போயிற்று; மாமாவோடு நானும் போனேன். ரயிலிலிருந்து இறங்கியவர் ஒல்லியான மனிதர். வெயிலிலும் கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றியிருந்தார். பேச்சு காதோடு பேசுகிற பேச்சு. எங்க அக்கா மகள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிக்கிறாள் என்று மாமா முதல் வேலையாகச் சொன்னார். வித்வான் என்னைப் பார்த்து ஏதாவது சொல்லம்மா என்றார். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் கலக்கும் எங்கள் ஆற்றைப் பற்றிய பாடத்தை மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அவர் தொடையில் தாளம் போட்டபடி கேட்டார். நான் ஒப்பித்ததற்கு ஒரு வித்வான் தாளம் போட்டார். இதையும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

மறுநாள் விடிந்ததும் வித்வான் அம்மாவிடம் குளிக்க வெந்நீர் கேட்டார். அம்மா செப்புப் பானையை முன்பே அடுப்பில் ஏற்றியிருந்தாள். மாமாவின் காதில் அது விழுந்தது. தாமிரபரணி ஓடுகிற ஊருக்கு வந்து வெந்நீர் கேட்கிற மனிதரை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

“ஐயா, இது மூலிகைத் தண்ணி. மலையில இருந்து நேரா இறங்குது. ஒரு முங்கு முங்கிப் பாருங்க, தொண்டை வெங்கலமாயிரும்.”

வித்வான் தயங்கினார். கம்பளித் துண்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஆனால் மாமாவின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்வது கஷ்டம், விருந்தாளி எழுந்துவிட்டார்.

மலையில் மழை பெய்து ஆறு கலங்கிப் புதுத்தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது. வித்வான் முங்கி எழுந்தார். சும்மா சொல்லக்கூடாது, அவருக்கும் பிடித்துப்போயிற்று. தண்ணீரை அள்ளிக் குடித்துவிட்டு இப்படி ஒரு ருசியா என்று கேட்டார். மாமா அவரை விடவில்லை. இன்னும் ஒரு முங்கு, இன்னும் ஒரு முங்கு என்று கரையிலிருந்து உபசரித்துக்கொண்டே இருந்தார். திரும்பி வரும்போது எதிர்ப்பட்ட எல்லோரிடமும், ஐயா நம்ம ஆத்துலதான் குளிச்சாவ என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

மத்தியானச் சாப்பாட்டில் அம்மா இரண்டாம் முறை சாதம் போட வந்தாள். போதும் என்று சொல்ல வித்வான் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

மாமாவின் முகம் பழம்புளி நிறத்துக்குப் போய்விட்டது. அம்மா அவரை அடுக்களைக்குள் கூப்பிட்டாள்.

“ஏலே, அவுக வெந்நிதானே கேட்டாவ? ஆத்துப் பெருமையைக் கச்சேரி முடிஞ்ச பெறவு காட்டியிருக்கக் கூடாதா?”

அதற்குப் பிறகு அவள் திட்டவில்லை, திட்ட நேரமில்லை. அதிமதுரம் இடித்தாள், மிளகைப் பொடித்தாள், பனங்கற்கண்டைப் பாலில் கரைத்தாள். வித்வான் மிடறு மிடறாகக் குடித்துக்கொண்டே இருந்தார். குரல் திரும்பி வந்தது. ஆனால் அடிக் குரல் மட்டும் வந்தது, மேலே போனால் கிழிந்தது.

அந்த நேரம் பார்த்து தர்மகர்த்தா அண்ணாச்சி விசாரிக்க வந்தார். மாமா வாசலிலேயே மறித்து, ஐயா மௌன விரதம், சாமிக்கு முன்னால் பாடத்தான் வாயைத் திறப்பார் என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கும்பிட்டார். வித்வான் கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தி ஆசீர்வாதம் பண்ணினார். அண்ணாச்சி போனதும் தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். பொய் சொல்லக்கூடாது என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்ததை நான் எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

சாயங்காலம் மண்டபம் கொள்ளாத கூட்டம். முருகனும் தெய்வானையும் பூச்சுற்றிய ஊஞ்சலில் இருந்தார்கள். ஆண்கள் முன்னால், நடுவில். பெண்கள் இடப்பக்கத் தூண்களுக்குப் பின்னால். நான் அம்மாவின் மேல் சாய்ந்துகொண்டு தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து மேடை நன்றாகத் தெரிந்தது, முதல் வரிசையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்த மாமாவும் தெரிந்தார்.

வித்வான் தம்புராவின் சுருதியை இறக்கச் சொன்னார். பிடில்காரர் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுத் தன் தந்திகளையும் இறக்கிக்கொண்டார். பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் வந்தது. வேகம் இல்லை, வித்தை இல்லை. மேலே ஏற வேண்டிய இடத்தில் கையைக் காட்டிப் பிடிலிடம் விட்டுவிட்டார். கூட்டம் அசையாமல் கேட்டது. மௌனத்தின் மகிமை என்று எனக்குப் பின்னால் ஒரு பெண் சொன்னாள். மாமாவின் கை மெல்ல முழங்காலை விட்டது.

கடைசியில் ஊஞ்சல் பாட்டு. அதுதான் எங்கள் கோயில் வழக்கம்: வித்வான் எவ்வளவு பெரியவரானாலும் எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பெண்கள் பாடும் ஊஞ்சல் பாட்டைப் பாடித்தான் கச்சேரியை முடிக்க வேண்டும். குருக்கள் ஊஞ்சலை ஆட்டிக்கொண்டிருப்பார். பாட்டு நடுவில் அறுந்தால் ஊஞ்சலும் நின்றுவிட வேண்டும். சாமி கல்யாணத்தில் ஊஞ்சல் நின்றால் ஊருக்கு ஆகாது என்பார்கள். ஒரு தடவை அப்படி நின்று, அந்தக் கார்த்திகையில் ஆறு ஊருக்குள் வந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள்.

அந்தப் பாட்டு இரண்டிரண்டு வரிக் கண்ணிகளாக இருக்கும்; ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டாவது வரி மேலே போகும். முதல் வரியைப் பாடிவிட்டு வித்வான் ஏறினார். குரல் கிழிந்தது. பிடில்காரர் அந்த வரியை வாசித்துப் பார்த்தார்; ஆனால் ஊஞ்சலுக்கு வாய்ப்பாட்டு வேண்டும், குருக்கள் கையைத் தளர்த்திவிட்டார். வித்வான் மறுபடி முயன்றார். இந்தத் தடவை காற்றுகூட வரவில்லை.

ஆண்கள் பக்கத்தில் ஒருவன், “மௌனம் இன்னும் கலையல போல” என்றான். சிரிப்புக் கேட்டது. இன்னொருவன், புளி மண்டிச் சாப்பாடு வேலையைக் காட்டுகிறது என்றான். தர்மகர்த்தா அண்ணாச்சி திரும்பி மாமாவைப் பார்த்தார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். ஊஞ்சல் சின்னதாக, இன்னும் சின்னதாக ஆடியது.

அம்மா தன் மேல் சாய்ந்திருந்த என்னைப் பைய நகர்த்தி உட்கார வைத்தாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். அப்புறம் அந்த இரண்டாவது வரியைப் பாடினாள்.

அது வித்வான்களின் குரல் இல்லை. பின்கட்டில் புளி தட்டும்போது கேட்கிற குரல்தான். ஆனால் ஏற வேண்டிய இடத்துக்குத் தயங்காமல் ஏறியது. மண்டபத்துக் கல்லெல்லாம் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. குருக்கள் யோசிக்கவில்லை, கயிற்றைப் பிடித்து ஆட்டிவிட்டார்.

வித்வான் பெண்கள் பக்கம் திரும்பினார். தாளத்தை விடாமல் அடுத்த கண்ணியின் முதல் வரியை அடிக் குரலில் எடுத்துப் பாடி, மேல் வரிக்குக் காத்திருந்தார். அம்மா பாடினாள். மூன்றாவது கண்ணிக்கு அடுத்த வீட்டு அக்கா சேர்ந்தாள். அதற்கப்புறம் தூண்களுக்குப் பின்னாலிருந்து எத்தனை குரல் என்று சொல்ல முடியாது. கீழ் வரி அங்கிருந்து, மேல் வரி இங்கிருந்து. பிடில்காரர் இரண்டுக்கும் ஓடி ஓடி வாசித்தார். பாட்டு முடிந்து தீபாராதனை ஆயிற்று. வித்வான் எழுந்து நின்று முதலில் சாமியைக் கும்பிட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. வீடு திரும்பும்போது வழக்கம்போல் அப்பா முன்னால் நடந்தார். அன்று தெரு முனையில் எங்களுக்காக நிற்கவும் இல்லை. கடையில் வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் வித்வான் வண்டி ஏறும்போது, அடுத்த வருஷம் கூப்பிட்டால் இந்த வீட்டில்தான் இறங்குவேன் என்று மாமாவின் காதோடு சொல்லிவிட்டுப் போனார். மாமா மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் பள்ளிக்கூடத்தில் எங்கள் அம்மா கச்சேரி பாடிய கதையைச் சொன்னேன். டீச்சரம்மா எல்லோரையும் கை தட்டச் சொன்னார். ஆனால் ஊரில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆற்றுத் துறையில் பெண்கள் பிடிலைப் பற்றிப் பேசினார்கள், ஊஞ்சல் பூவைப் பற்றிப் பேசினார்கள். நீங்களும்தானே பாடினீர்கள் என்று அடுத்த வீட்டு அக்காவிடம் கேட்டேன். “எனக்கா? அன்னைக்கு எனக்குத் தொண்டை கட்டியில்லா கிடந்துச்சு” என்றாள். விசாரித்துப் பார்த்தால் அன்று மண்டபத்தில் எல்லாப் பெண்களுக்கும் தொண்டை கட்டியிருந்தது. வித்வானுக்கு ஆற்றில் முங்கித் தொண்டை கட்டிற்று, இவர்களுக்கு எதில் என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த ஐப்பசிக்கு மாமா அந்த அறைக்கு வெள்ளையடித்தார். புதுப் பாய் வாங்கினார். தர்மகர்த்தா அண்ணாச்சி வந்தார். உட்காரவில்லை, தண்ணீர் வேண்டாம் என்றுவிட்டார். பண்ணை வீட்டுத் தீட்டு எப்போதோ கழிந்துவிட்டது, இனி அங்கேயே ஆகட்டும் என்றார். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“நாலு பேர் இருக்க சபையில பொம்பளை வாயைத் திறந்த வீடு, வே” என்றார் அண்ணாச்சி. “நான் என்ன செய்ய?”

 மாமா பேசாமல் நின்று நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். திருக்கல்யாணத்துக்கு முந்தின நாள் வில்வண்டி எங்கள் வாசலைத் தாண்டிப் பண்ணை வீட்டுக்குப் போனது. உள்ளேயிருந்த வித்வான் எங்கள் வீட்டுப் பக்கம் தலையை நீட்டிப் பார்த்தார்.

நான் பின்கட்டுக்கு ஓடினேன். அம்மா புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் ஏன் நம் வீட்டுக்கு வரவில்லை என்று கேட்டேன்.

“நான் பாடிட்டேன்லா, அதான்” என்றாள்.

ஒரு நிமிஷம் யோசித்தேன். படித்த பிள்ளையாயிற்றே, உடனே பிடிபட்டுவிட்டது. நம் வீட்டிலேயே பாட ஆள் இருக்கும்போது வெளியூர் வித்வான் எதற்கு? இல்லாத வீட்டில்தானே கொண்டுபோய் இறக்குவார்கள். சரிதானே அம்மா என்று கேட்டேன். தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. அவள் என்னைப் பார்த்து, சரிதான் என்றாள்.

பாவம் பண்ணை வீட்டுக்காரர்கள், அவர்கள் வீட்டில் பாடுவதற்கு ஒருத்தரும் இல்லை என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.