குணாளன் வீட்டுச் சுவரில் எரியும் விளக்கு

குணாளனுக்கு நெருப்பு ஆகாது. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலையில் உலைக்கு முன்னால் நின்றே பாதி ஆயுசைக் கழித்தவர்தான். ஒரு நாள் உருகிய இரும்பு தெறித்துத் தோளையும் கழுத்தையும் பொசுக்கிவிட்டது. தேறி வந்ததும் கம்பெனி அவரை ஸ்டோருக்கு மாற்றியது. வீட்டில் மனைவி ரத்னா கரன்ட் அடுப்புக்கு மாறினாள். அன்று நடந்ததைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை.

மகள் பானுவுக்குச் சென்னையில் வீட்டு அலங்காரக் கடையில் வேலை. விளிம்பில் கீறல் விழுந்து திரும்பி வந்த, கட்டை எரிவதுபோலக் காட்டும் எலெக்ட்ரிக் ஃபயர்பிளேஸ் ஒன்றை முதலாளி அவளுக்கே கொடுத்துவிட்டார். ஹால் சுவரில் பதிக்கலாம் என்று ஆசையாகத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"உங்க நைனா பத்தித் தெரியாதா? மொதல்ல எடுத்துக்கினு போ," என்று ரத்னா சீறினாள்.

"நெருப்பே இல்லம்மா, வெறும் லைட்டு. சூட்ட ஆஃப் பண்ணிடலாம்."

குணாளன் பெட்டியையும் மகளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆழம் இன்னா?"

"அஞ்சு இஞ்ச்."

"ஒம்போது இஞ்ச் சுவரு. தாங்கும். நானே வெட்டறேன்."

ஞாயிற்றுக்கிழமை பென்சிலால் கோடு போட்டு, வாடகைக்கு எடுத்த கட்டிங் மெஷினை வைத்தார். ஹாலெல்லாம் செங்கல் தூசி. மேல் ஓரத்தில் பிளேடு ஏதோ கம்பியில் பட்டது. பொறி பறந்தது. மறுகணம் அவர் கொல்லைப்புறக் குழாயடியில் நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"உட்டுடு நைனா. ஆள வெச்சுப் பாத்துக்கலாம்," என்றாள் பானு.

அவர் ஈரத்தோடு உள்ளே வந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"சுத்தியும் உளியும் எடு."

கம்பியைத் தொடாமல் அளவைக் கீழே இறக்கி, சாயங்காலம் வரை கொத்தினார். பிறகு உள்ளே பூசிக் காயவிட்டார். எலெக்ட்ரீஷியன் பீட்டர் வந்து குழிக்குள்ளேயே பிளக் பாயின்ட் வைத்துக் கொடுத்தார்.

பெட்டியைப் பொருத்திப் பானு சுவிட்சைப் போட்டபோது ரத்னா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். போலிக் கட்டைகளின்மேல் ஆரஞ்சுத் தழல் ஆடியது. குணாளன் சற்று நேரம் தள்ளியே நின்றார். பிறகு கிட்டப் போய்த் தரையில் உட்கார்ந்து, கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். சூடே இல்லை.

"கலரே தப்பு," என்றார்.

"இன்னா தப்பு?"

"இரும்ப ஊத்தற நேரத்துல வெள்ளையா இருக்கும். கண்ணு கூசும். அன்னிக்கி வாளி சாஞ்சத நான் பாக்கல. அப்பாவுதான் பாத்தான். சட்டையப் புடிச்சி இழுத்தான். அவன் கையும் வெந்துபோச்சி."

ரத்னாவுக்கு இது புதுச் செய்தி. அப்பாவு அவரோடு உலையடியில் வேலை பார்த்தவர். வேலையை விட்டுவிட்டுப் புதுவாயலில் ஜூஸ் கடை போட்டிருக்கிறார் என்பதுவரைதான் அவளுக்குத் தெரியும்.

அடுத்த வாரம் குணாளன் புதுவாயலில் பஸ்ஸை விட்டு இறங்கினார். அப்பாவு "வா குணா" என்று ஸ்டூலைத் தள்ளிப் போட்டுவிட்டுச் சாத்துக்குடி பிழியத் தொடங்கினார். முழங்கை வரை தோல் சுருங்கிப்போன அந்தக் கையையே குணாளன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதாடா?"

"மழக்காலத்துல மட்டும்."

"எனக்கும்தான்," என்று டம்ளரை வாங்கிக்கொண்டார்.