அங்கின்

என் மேசையில் பச்சை மூடி போட்ட தைலப் புட்டி ஒன்று இருக்கிறது. பாதி காலி. அது டிரைவர் அண்ணனுடையது. மலேசியாவில் குளுவாங் ஊரின் சுற்றுவட்டத் தோட்டங்களுக்கு எங்கள் மருத்துவ வேனை அவர்தான் ஓட்டினார்; நான் அதில் தாதி. நாலு படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கும். நெஞ்சில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, “அங்கின்லா மிஸி” என்பார். காற்றைக் குறிக்கும் அந்த மலாய்ச் சொல் எங்கள் தமிழில் குடியேறி வெகுகாலமாகிறது. நெஞ்சடைப்பா, அங்கின். தலைசுற்றலா, அங்கின். கோபம் வந்தாலும் அங்கின் ஏறிவிட்டது என்போம். நானும் அவருடைய அட்டையில் என் கையாலேயே மூன்று முறை ‘வாயு’ என்று எழுதித் தொலைத்திருக்கிறேன்.

செயற்கை நுண்ணறிவு ஸ்டெதஸ்கோப் வந்த அன்று, பழகிப் பார்ப்பதற்காக அவரையே உட்காரவைத்தேன். இதய ஓசையைக் கேட்ட கருவி, வால்வில் கோளாறு இருக்கலாம் என்று கைப்பேசித் திரையில் சிவப்பாகக் காட்டியது. வேன் இரைச்சலில் குழம்பிவிட்டது என்று நினைத்து, எஞ்சினை நிறுத்திவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் சிவப்பு. நானே காதில் மாட்டிக் கேட்டேன். ஒவ்வொரு துடிப்பிலும், சன்னல் இடுக்கில் காற்று சீறுவதுபோல ஓர் ஓசை. அவர் சொன்ன காற்று இருக்கத்தான் செய்தது. நான்தான் அதை வயிற்றில் தேடிக்கொண்டிருந்தேன்.

பெரிய மருத்துவமனைக்குப் போய் இதய ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். “புது மெஷினுக்கு என்னா தெரியும் மிஸி? தீபாவளி முடியட்டும், பாத்துக்கலாம்” என்று சிரித்தார். அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்? எனக்குப் பொறுக்கவில்லை. வேன் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். “ஸ்கேன் எடுத்துட்டு வாங்கண்ணே. அதுவரைக்கும் ஓட்ட விடமாட்டேன்.”

“அலமாக், மிஸிக்கு அங்கின் ஏறிடுச்சு” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஏறத்தான் செய்தது. மேலாளரிடமும் சொல்லிவிட்டேன், அவர் வேறு ஆளை ஓட்டவைத்தார். மூன்று நாள் அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. வருத்தமாக இருந்தது, ஆனால் நான் இறங்கிவரவில்லை. நான்காம் நாள் மனைவியோடு ஸ்கேனுக்குப் போனார். வால்வு மிகவும் குறுகிக் கிடந்தது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் வண்டி ஓட்டும்போதே விழுந்திருப்பார் என்றார் மருத்துவர். அடுத்த வாரமே வால்வை மாற்றினார்கள்.

உடம்பு தேறி வந்தவர் இந்தப் புட்டியை என் மேசையில் வைத்தார். “எனக்கு இனி வேணாம் மிஸி. உங்களுக்குத்தான் அடிக்கடி ஏறுது.”

இன்று காலை செம்பனைத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா நெஞ்சை நீவியபடி வந்தார். புட்டியைக் கண்டதும் கையை நீட்டினார். “கொஞ்சம் கொடுங்க மிஸி, அங்கின்தான்.”

புட்டியை இழுப்பறைக்குள் தள்ளினேன். “இருங்கம்மா, முதல்ல அதைக் கேட்டுடலாம்” என்று கருவியை எடுத்தேன்.